கட்டைவிரல் ரேகை

மூன்றாம் முறையாக வந்து நிற்கிறது
ஞானதிரவியத்தின் பொலேரோ.
இடது விளக்குக்குள் ஆனிச் சாரல்,
வலதில் ஆடி.

"என்னவே மசூது, லைட்டா இது, மீன் தொட்டியா?
ரெண்டு அயிரைய விட்டா வளந்துரும்."

உவரியில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஐஸ் பெட்டி ஏற்றி
விடியுமுன் செங்கோட்டை சேர வேண்டிய வண்டி.
திசையன்விளை வரை உப்பு ஈரம்,
நாங்குநேரி வெட்டவெளியில் பொட்டல் காற்று,
தென்காசி நெருங்க நெருங்க மலை ஈரம்.
ஆலங்குளம் தாண்டி ஓர் எருமை
நடுரோட்டில் படுத்திருந்ததாம்.
"வெளிச்சம் போட்டா பால்ல மூஞ்சிய முக்கின மாரி இருக்கு.
ஒரு முழம், வே. ஒரு முழத்துல பிரேக்கு."

எனக்கு வாய் வரவில்லை.

முதல் முறை வந்தபோது
விளிம்பில் சிலிக்கான் போதவில்லை என்றேன்.
இரண்டாம் முறை
விளிம்பு, திருகாணி, வயர் நுழையும் ஓட்டை
எல்லாம் பூசினேன்.
பின்னால் வளைந்த சிறு குழாய் ஒன்று துருத்தியது.
தண்ணீர் வரும் வழி இதுதான் என்று
ஓர் உருண்டை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன்.
பெருமையாக இருந்தது.
முந்நூறு ரூபாய் வேறு வாங்கினேன்.

மேலப்பாளையத்தில் என் கடைக்கென்று அவன் கிடையாது.
ஜொஹராவின் கேக் ஆர்டர் முடிய
ராத்திரி பதினோரு மணி ஆயிற்று.
"ரப்பர் வாடை அடிச்சா நாளைக்கு நீங்கதான் கேக்கு திங்கணும்"
என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டாள்.

நூறு டிகிரி, பத்து நிமிடம்.
விளிம்பின் கறுப்புப் பசை இளகியது.
அல்வா மாதிரி என்று சொல்ல வாய் வந்தது.
இந்த ஊரில் இளகுவதெல்லாம் அல்வா இல்லை.
தார் மாதிரி இளகியது.

கண்ணாடியைப் பிரித்துக் குண்டூசி முனை வரை தேடினேன்.
விரிசல் இல்லை.
மழை எங்கேயும் நுழையவில்லை.

புரொஜெக்டர் மாட்டிய அன்று மதியம்
மேற்கே இருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது.
அந்த மதியத்தை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான்.
விளக்கு எரிந்தால் காற்று பெருகும், வழி தேடும்.
அணைந்தால் சுருங்கும், இழுக்கும்.
வயர் உறைக்குள் ஒளிந்திருந்த ஈரத்தை
இரவுக்கு ஒரு சொட்டாக இழுத்திருக்கிறது.
வந்த ஈரத்துக்கு வெளியே போக வாசல் இல்லை.
அந்த வாசலில்
என் கட்டைவிரல் ரேகை காய்ந்து கிடந்தது.

பிளேடால் சுரண்டினேன்.
முந்நூறு ரூபாய் கால் நிமிடத்தில் உதிர்ந்தது.

செருப்பு டப்பாப் பொட்டலத்தை உள்ளே போட்டால் போதாதா
என்று கேட்பவர்கள் உண்டு.
ஒரு வாரம் குடிக்கும்.
அப்புறம் நனைந்த பிள்ளையாக
அங்கேயே மூலையில் கிடக்கும்.

உலர்த்தி, புதுப் பசை நாடா சுற்றி, கிளிப் மாட்டி,
வாளித் தண்ணீரில் முக்கிக்
குழாயில் வாய் வைத்து ஊதினேன்.
குமிழி இல்லை.
ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தால்
கண்ணாடிக்குள் லேசாக ஒரு வெள்ளை.
என் மூச்சு.
"சைக்கிள் பம்பு இருக்குல்லா" என்றாள் ஜொஹரா,
மாவுக் கையால் வாயை மூடிக்கொண்டு.

மறுபடி உலர்த்தினேன்.
காற்றை விட்டு நீரைத் தடுக்கும் துணி வட்டம் ஒன்றை
குழாய் வாயில் ஒட்டினேன்.
நகக்கண் அளவுதான் இருக்கும்.

சாயங்காலம் எதிர்க்கடை ஷட்டரில் வெளிச்சம் விழுந்தது,
அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி.
இடது மூலையில் மட்டும்
ஒரு பொட்டு மங்கல்.
"ரெண்டு நாள் எரியட்டும் அண்ணாச்சி. போயிரும்."
"போகலைன்னா?"
"போகலைன்னா வாரும்."
காசு வாங்கவில்லை. பாறை மீன் ஒன்று
காகிதத்தில் சுற்றிக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது.
தகரத்தில் சொட்டுச் சத்தம்.
இப்போது ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்.
நாலு மணிக்கு மேல் ஆலங்குளம்.
போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

அந்த எருமை இன்றைக்கு
எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ.