பூஜ்ஜியம் ஏற்கப்படாது

இந்த வாரம் வேலை செய்தீர்களா?
செய்தேன்.
எத்தனை மணி நேரம்?
நாற்பத்தாறு.
சம்பளம்?
பூஜ்ஜியம் என்று தட்டினால்
கட்டம் சிவந்துபோகிறது.

அரசாங்கத்தைப் பூட்டி இருபத்தாறு நாள்.
பூங்காக் காவலன் என் தம்பி ஆர்வோவை
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
அவனுக்கு உதவித்தொகை உண்டு,
பிறகு திருப்பிக் கட்டவேண்டும்.
எனக்கு அதுவும் கிடையாது.
"உங்களுக்குத்தான் வேலை இருக்கிறதே!"

டுலூத் விமான நிலையச் சோதனை வரிசையில்
யாரோ தட்டில் மறந்துபோன சில்லறை,
முப்பத்தேழு சென்ட்.
இரண்டு முறை எண்ணினேன்.
உறையிலிட்டு, ஒட்டி,
வெர்னா ஹக்கலா என்று கையெழுத்திட்டு
அரசுக் கணக்கில் சேர்த்தேன்.

அடுத்த கேள்வி:
இந்த வாரம் வேலை தேடினீர்களா?

தேடினேன்,
இருட்டில், கையால் பனியைக் கிளறி,
என் காரை.
ஐந்து மணிக்குப் பணி.