அறை காய்ந்துதான் இருக்கிறது

தேதியை மாற்றுவதென்றால்
இன்றிரவு பன்னிரண்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம்,
கட்டணம் இல்லை என்கிறது விமானக் கொம்பனி.
இதற்குமுன் ஒரு வாய்த் தண்ணீர்கூட
சும்மா தந்ததில்லை அவர்கள்.

மணி நாலே கால்.
ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
எடைமேடைக் கூண்டில் இருக்கிறேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
மழைநீர் சொட்டச் சொட்ட ஏறி நிற்கிறது.
உள்ளே போகும்போது ஓர் எடை,
காலியாய்த் திரும்பும்போது ஓர் எடை,
கழித்தால் வருவது பழம்.
பதினொரு வருடமாய் இந்தக் கணக்கு
எனக்குப் பிசகியதில்லை.

பதுளைப் பக்கம் மலை சரிந்து
இன்றோடு பத்தொன்பது நாள்.
இருபது மாதம் கூட்டுச்சீட்டு கட்டி
கடைசி ஆளாய் எடுத்து வாங்கிய டிக்கெட் இரண்டு.
பினாங்குப் பாலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்
நானும் சூசையும் கடல் தாண்டுவது
இதுதான் முதல் தடவை.

"எழவு வீட்டுக்கு யாராவது
கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டுப் போவாங்களா?"
என்றார் காலையில்.
கைப்பேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்:
லயத்துக் கூரை, அதன்மேல் சேறு,
சேற்றின்மேல் ஒற்றைப் பள்ளிக்கூடச் சப்பாத்து.
பிறகு அவர் பசியாறவில்லை.

புவனேஸ்வரி அக்காவின் குரல்செய்தி
முப்பத்தெட்டு விநாடி.
எட்டுத் தடவை கேட்டுவிட்டேன்.
"ரோட்டு ஒரு பக்கம் திறந்திட்டாங்க.
கரண்டும் வந்திருச்சி.
அறை காய்ஞ்சுதான் இருக்கு தங்கச்சி,
மூணுமே காலி.
வாறதுன்னாலும் சொல்லுங்க,
வரலைன்னாலும் சொல்லுங்க."
பின்னால் யாரோ வாளியை இழுக்கும் சத்தம்.
அரிசி வேண்டும் என்று அதில் இல்லை.
ஐயோ பாவம் என்று நான் நுழைய
ஒரு சந்துகூட விடவில்லை அவள்.

எங்கள் தாமானில் ஆறு ஏறிய வருடம்
சுவரில் என் இடுப்புக்கு மேலே
ஒரு கோடு விட்டுப் போனது.
இரண்டு முறை சாயம் அடித்தாகிவிட்டது,
மழை மாதத்தில் வியர்த்துக்கொண்டு வெளியே வரும்.
அப்போதும் ஆட்கள் வந்தார்கள்.
ஒரு வேன் நிறைய வந்து
ரம்புத்தான் மரத்தில் தொங்கிய எங்கள் மெத்தையைப்
படம் எடுத்தார்கள்.
அதன்முன் நின்றும் எடுத்தார்கள்.
அரிசி கொண்டுவந்தவர்கள்
நாங்கள் கை நீட்டுவதை எடுத்தார்கள்.
குறையாகச் சொல்லவில்லை,
அந்த அரிசியைத்தான் தின்றோம்.

ஆனால் மரைக்கான் ரொட்டிக்கடை
சேறு கழுவித் திறந்த முதல் காலை
மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தான். வெளியூர்.
ரொட்டி இரண்டு, தே தாரிக் ஒன்று.
பருப்புக் குழம்பில் உப்பில்லை என்றான்.
பத்து ரிங்கிட் நீட்டி
மீதியை எண்ணிப் பார்த்து
இருபது காசு குறையுது என்று
கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.
மரைக்கான் இன்றைக்கும்
அவனைப் பற்றித்தான் பேசுகிறார்.
"அன்னிக்குத்தான்மா நான் மறுபடியும் கடைக்காரன்."

நான் அந்த மோட்டார்க்காரனா
வேனில் வந்தவளா
போய் நின்றால்தான் தெரியும்.
போய்த் தெரிந்துகொள்வது யார் செலவில்?

லோரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
காலி எடை எழுதிக் கொடுத்தேன்.
சீட்டைத் திருப்பி நீட்டினார்:
இன்றைய தேதி இருக்கவேண்டிய இடத்தில்
பதினேழு.

இரவு பதினொன்று நாற்பது.
சூசை கூடத்தில் சத்தமில்லாமல்
பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் அனுப்பினேன்:
அக்கா, ஒரு நாளைக்குச் சொன்ன விலையில்
ஐந்நூறு குறைக்க முடியுமா?
அனுப்பியதும் காது சுட்டது.
அழித்துவிடலாம் என்று விரல் வைக்கும்போதே
பதில் வந்தது.
"ஐந்நூறெல்லாம் ஏலாது.
முந்நூறு.
காலைச் சாப்பாடு தனிக்காசு."
இந்த முறை தங்கச்சி இல்லை.

சத்தமாய்ப் படித்துக் காட்டினேன்.
சூசை எழுந்து பின்கட்டுக்குப் போனார்.
வெள்ளத்தன்று போட்ட மஞ்சள் பூட்ஸ்,
தலைகீழாய்த் தட்டியதில்
ஒரு பல்லிமுட்டை விழுந்தது.
பிளாஸ்டிக் பைக்குள் இரண்டையும் திணித்து
என்னிடம் நீட்டினார்:
"ஏழு கிலோவுக்குள்ள அடங்குமா?"

கையில் தூக்கிப் பார்த்தேன்.
பன்னிரண்டு அடித்ததா என்று
நாங்கள் பார்க்கவில்லை.