லிஃப்ட் காசு

குத்தைசியில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்
இருபது தெத்ரி விழுங்கினால்தான் அசையும்.
இறங்குவது இலவசம்.
ஏறுவதற்குத்தான் எங்கும் காசு.

எட்டாம் மாடிக்கு நூற்று இருபத்தாறு படிகள்.
ஐந்தில் விளக்கு எரியாது.
ஆறில் யாரோ தினமும் சோளரொட்டி சுடுகிறார்கள்,
அங்கே மட்டும் கொஞ்சம் நிற்பேன்
மூச்சு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு.

கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் எனக்குத் தொள்ளாயிரம் லாரி.
ஒரு நாளைக்கு நாற்பது கைப்பட்டைகள்.
எந்த ஊரில் யார் போட்டு நடக்கிறார்களோ.
ஜும்பெர் மினிபஸ் ஓட்டுகிறான்;
டீசல் போக மிஞ்சுவதை
மேசையில் வைக்கும்போது முகத்தை வேறெங்கோ வைத்திருப்பான்.

சம்பளம் வந்த இரவு உறைகளை விரிப்பேன்.
எரிவாயு. மின்சாரம். குளிர்பெட்டித் தவணை.
மாக்வாலாவின் கடைக் கடன்.
அவள் நோட்டில் எனக்குப் பெயர்கூட முழுதாக இல்லை,
‘நாஸி, எட்டு’ என்றிருக்கும்,
அதன் கீழே எண்ணெய், சர்க்கரை, எண்ணெய், சோப்பு,
மறுபடி எண்ணெய்.
எங்கள் ரியோனி ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போடுவேன்,
இருந்தும் ஜனவரி வந்தால்
எரிவாயு உறை மற்ற உறைகளைத் தின்றுவிடுகிறது.

அதனால்தான் அக்டோபரிலிருந்து படி ஏறுகிறேன்.
மிச்சம் பிடித்த காசு
அலமாரியில், பழைய சோடா மாவு டப்பாவில்.
யாரிடமும் சொல்லவில்லை.
இருபது தெத்ரியைச் சொல்லிக் காட்டினால்
இருபது தெத்ரி மாதிரியே ஆகிவிடுவோம்.

பிக்ரியாவின் பள்ளியில்
குகை பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம், முப்பத்தைந்து லாரி.
கேட்கவில்லை அவள்.
காகிதத்தைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு
கணக்குப் பாடம் எழுதப் போய்விட்டாள்.

டப்பாவைக் கவிழ்த்தேன்.
எண்பத்தெட்டு நாள் ஏறியிருக்கிறேன்,
எனக்குத் தெரியும், நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
பதினேழு லாரி அறுபது இருக்க வேண்டும்.
இருந்ததோ முப்பத்தொன்று இருபது.

மூன்று முறை எண்ணினேன்.
குறைந்தால் திருடன் என்று கத்தலாம்.
கூடியிருந்தால் யாரைப் பிடிப்பது?

பிறகுதான் நினைவு வந்தது,
இரவில் அவன் வரும்போது
லிஃப்ட் கதவின் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று.
‘அதுவா, எண்ணெய் போட்டுவிட்டார்கள்’ என்றான் ஒருமுறை,
செருப்பைக் கழற்றும் சாக்கில் வெகுநேரம் குனிந்தபடி.

பதின்மூன்று லாரி அறுபது.
அறுபத்தெட்டு முறை ஏறியிருக்கிறான்,
நாள் முழுதும் கிளட்ச் மிதித்த அந்தக் காலோடு.
போன வாரம்தான் அவன் முழங்காலுக்குக் களிம்பு வாங்கினேன்,
பதினான்கு லாரி ஐம்பது.

ஆக, தொண்ணூறு தெத்ரி நஷ்டம்.

கோபம்தான் முதலில் வந்தது.
கணக்குத் தெரியாதவனைக் கட்டிக்கொண்டேனே என்று
அடுப்பில் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன்.
என்ன என்று எட்டிப் பார்த்தான்.
ஒன்றுமில்லை, கைதவறியது என்றேன்.

முப்பத்தைந்துக்கு இன்னும் மூன்று எண்பது வேண்டும்.
கோட்டுப் பையைத் துழாவினேன், மகள் உண்டியலைக் கேட்கவில்லை,
மாக்வாலாவிடம் போய் நின்றேன்.
காசாகவா, என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
காசாகத்தான்.
‘நாஸி, எட்டு’க்குக் கீழே
எண்ணெய்க்கும் சோப்புக்கும் நடுவில்
‘குகை’ என்று எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் சட்டைப்பையில்
ஒரு இருபது தெத்ரியைப் போட்டேன்,
ஏறத்தான், வேறெதற்கும் இல்லை என்று சொல்லாமல்.

இரவு, கதவுச் சத்தம் இல்லை.
படிகளில் மெதுவாக, ஒரு கால் பலமாக, ஒரு கால் லேசாக.
ஆறாம் மாடியில் கொஞ்சம் நின்றது.

டப்பாவில் ஒற்றைக் காசு விழுந்தால்
எத்தனை பெரிய சத்தம்.
தூங்குவதுபோல் கிடந்தேன்.
நோட்டில் அந்த நாளின் வரி
இன்னும் காலியாக இருக்கிறது,
வரவில் எழுதவா, செலவில் எழுதவா என்று தெரியாமல்.