பதினேழாம் நாள்

இருபத்து நான்கு பொட்டலங்கள்.
மெல்லிய காகிதம், மேலே எண் ஒட்டியிருக்கும்.
நாளுக்கு ஒன்றுதான் பிரிக்கலாம்,
கிறிஸ்துமஸ் வரும்வரை.
கானாங்கெளுத்தி சீசனில்
கூடுதல் நேரம் பார்த்த காசில்
எனக்கு நானே வாங்கிக்கொண்ட கம்பளி நூல் பெட்டி.
விலையை யாரிடமும் சொல்லவில்லை.
உங்களிடமும் சொல்லமாட்டேன்.

மாடிவீட்டு ஹானுஸும் இதே பெட்டி வாங்கினான்.
மீன் ஆலையில் எட்டு மணி நேரம் கத்தி பிடித்த கை
வீட்டுக்கு வந்தால் பின்னல் ஊசி பிடிக்கும்.
முதல் ராத்திரியே அத்தனையும் பிரித்துவிட்டான்.
காகிதம் கிழியும் சத்தம் என் கூரையில்
பெருச்சாளி புகுந்த மாதிரி.
காலையில் படிக்கட்டில் பிடித்தேன்.
"பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை, சுன்வா" என்றான்
பல் தெரிய.

நான் அப்படியில்லை.
க்லாக்ஸ்விக் துறைமுகத்து வலைக்கூடத்தில்
பகலெல்லாம் கிழிந்த கண்ணிகளைக் கோக்கிறவள்.
இரவில் வேறு கண்ணிகள்.
அங்கே மீன் தப்பக் கூடாது,
இங்கே குளிர் நுழையக் கூடாது.

முதல் நாள், ஈரக் கல்லின் சாம்பல்.
இரண்டாம் நாள் வெந்த பீட்ரூட்.
நாளுக்கு எட்டு வரிசை, கூடவும் இல்லை குறையவும் இல்லை.
பதினொன்றாம் நாள் வந்தது
கடுகும் பாசியும் கலந்து
கப்பலில் யாரோ வாந்தியெடுத்த நிறம்.
அதையும் பின்னினேன்.
நாள் என்றால் அதுவும் நாள்தானே.

தங்கைக்கென்றுதான் தொடங்கினேன்.
ஆறாம் தேதி தொலைபேசியில்
என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள்.
போயிற்று.
ஒன்பதாம் தேதி, பாதிரியாரின் மனைவிக்கு.
பன்னிரண்டில் எனக்கே.
மஃப்ளர் நீண்டுகொண்டே போனது,
கழுத்துதான் அமையவில்லை.

பதினேழு.
காலை ஒன்பது, வெளியே இன்னும் மை இருட்டு.
பிரித்தால் காகிதத்துக்குள் காகிதம்,
அதற்குள் ஒன்றுமில்லை.
உதறினேன். மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினேன்.
எங்கோ பொட்டலம் கட்டிய ஒருத்தி
அந்த நிமிடம் தும்மியிருக்கலாம்.
யாராவது அவளைக் கூப்பிட்டிருக்கலாம்.

மாடியேறிப் போய்க் கேட்டேன்.
"பதினேழா? நீலம்.
கானாங்கெளுத்தி முதுகு இருக்கிறதே, அந்த நீலம்.
நாய்க்குத் தொப்பியாக்கிவிட்டேன்."
கதவிடுக்கில் நின்றது நாய்,
காதிரண்டும் தொப்பிக்கு வெளியே.
"அவிழ்த்துத் தரட்டுமா?"
நாய் என்னைப் பார்த்தது.
இறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம்
வலைக்கூடத் தரையில் கிடந்த ஆரஞ்சு நைலான்,
வெட்டியெறிந்த மிச்சம்,
என் கோட்டுப் பையோடு வீட்டுக்கு வந்தது.
ஊசியில் ஏறவே மாட்டேனென்று கிறீச்சிட்டது.
எட்டு வரிசை முடிவதற்குள்
ஆள்காட்டி விரல் சிவந்து வீங்கிற்று.
மறுநாள் பிரித்த வெள்ளைக் கம்பளி,
ஆட்டுக்குட்டி வயிறு போல் மெத்தென்று,
அதன் பக்கத்தில் உட்காரக் கூசியது.

இருபத்து மூன்றாம் தேதி நள்ளிரவில்
சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான் ட்ரோண்டுர்.
புயலுக்குப் பயந்து படகு முன்கூட்டியே திரும்பியதாம்.
மகனுக்கென்று நான் எதுவும் வாங்கியிருக்கவில்லை.
மறுநாள் கடைசி எட்டு வரிசையை
அவன் தூங்கி எழுவதற்குள் போட்டு முடித்தேன்.

சாப்பாட்டு மேஜையில் சுற்றிக்கொண்டான்.
சாம்பல், பீட்ரூட், அந்த வாந்தி நிறம்,
எல்லாவற்றையும் தாண்டி
அவன் விரல் நேரே ஆரஞ்சில் போய் நின்றது.
"நம்ம வலை."
"ஆமாம்."
"அரிக்கிறது."
"தெரியும்."
கழற்றவில்லை, நன்றியும் சொல்லவில்லை.
உலர்ந்த ஆட்டிறைச்சி இன்னொரு துண்டு கேட்டான்.

ஜனவரி மூன்றாம் தேதி தபாலில் ஓர் உறை.
மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி,
கூடவே நீல நூல்கண்டு,
எண் பதினேழு ஒட்டியபடி.
ட்ரோண்டுர் அதற்குள் கடலுக்குப் போய்விட்டான்.

மாடியில் ஹானுஸ் புலம்புகிறான்,
நாய் தொப்பியைத் துறைமுகத் தண்ணீரில்
விட்டுவிட்டு வந்துவிட்டதாம்.
"அந்த நீலம் இனி எங்கே கிடைக்கும்" என்கிறான்
படிக்கட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம்.

கோட்டுப் பைக்குள் கையை விட்டு
கண்டை உருட்டிக்கொண்டே
மழையைப் பற்றிப் பேசுகிறேன்.