ஏழாவது குழாய்

கிராமுக்கு நூறு கோடி என்றது பாக்கெட்.
நெலிதா எச்செவெரி அதை நம்புகிறவள் அல்ல.
தாக்குவரெம்போவில் கலையாமல் அறுத்து வந்த கருமண்ணை
பன்னிரண்டு பிவிசி குழாய்களில் நிறுத்தி
கரித்தூளோடு கிருமிகளைத் தூவினாள்.
பிறகு மழை:
ஒரு பூவாளி, ஒரு கடிகாரம்.

முதல் நாளே பாதி செத்தன.
காய்ந்து சில, பசித்துச் சில,
மற்றதை அங்கேயே பிறந்த ஓரணு விலங்குகள் மேய்ந்தன.
மண்ணுக்கும் ஊர்க்காரர்கள் உண்டு.
தப்பியவை,
மேய்கிறவை தலை நுழைக்க முடியாத துளைகளில்
ஈரத்தைப் போர்த்திக்கொண்டு ஒட்டிக் கிடந்தன.

தண்ணீர் கூப்பிட்டது.
பெரும்பாலானவை போகவில்லை.
மூன்று விரற்கடைக்குக் கீழே எடுத்த தட்டுகள்
துடைத்த கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தன.

தீவனத்துக்கு க்ளோவர் விதைத்துவிட்டு
தினமும் போன் செய்யும் ப்ரீத்தோஸ்
"வேர் வரைக்கும் இறங்குமா?" என்பான்.
"வேர்தான் தேடி வரணும் போல" என்று
வைத்துவிடுவாள்.

ஏழாவது குழாய் மட்டும்
அடியில் நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
சீட்டு மாறிவிட்டதோ என்று பார்த்தாள்.
ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தபோது
மேலிருந்து அடிவரை
எப்போதோ ஒரு மண்புழு போன வழி,
சுவரெல்லாம் மெழுகியதுபோல் பளபளத்தது.

பதிவேட்டில்
'விலக்கப்பட்டது' என்று எழுத ஒரு கட்டம் உண்டு.
பேனா அதன்மேல் நின்றது.
வெளியே நிஜ மழை, அளவில்லாமல்.
மாத்தே ஆறிக்கொண்டிருந்தது.

ப்ரீத்தோஸின் வயலில் புழுக்கள் எத்தனை என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

போனை எடுத்தாள்.