சராசரி ஏறிய மாதம்

சிலோயே தீவின் தென்முனையில்
மழை கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.
படிவங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு
படகுத்துறை மேட்டில் ஏறுகிறேன்.
இருட்டுவதற்குள் பதினான்கு வீடுகள்.

முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்:
போன வாரம் கூலிக்கு
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?

எடுவினா பாரியா யோசித்தாள்.
பக்கத்து வீட்டுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாளாம்,
பதிலுக்கு ஒரு வாளி சிப்பி வந்ததாம்.
"அது கூலியா?"
கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கம் ஆம் என்கிறது.
வேலையில் இருப்பவர் என்று எழுதினேன்.
வாளியைச் சாய்த்துக் காட்டினாள்,
அடியில் இரண்டே சிப்பி.

மார்ச்சில் சால்மன் ஆலை
இரவு ஷிப்டை மூடியது.
மீனின் வயிறு கிழித்த நூற்றுப்பத்துப் பேர்,
எல்லோருக்கும் கடைநிலைச் சம்பளம்.
மிச்சம் மேற்பார்வையாளர்கள், மெக்கானிக்குகள்,
குளிர்பதன இன்ஜினியர் ஒருவர்.
குட்டையான பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு
வகுப்பின் உயரத்தை அளந்த மாதிரி
ஏப்ரல் அறிக்கை:
மீன் பதனிடும் துறையில் சராசரி ஊதியம்
பதினோரு சதவீதம் உயர்வு.

கட்டுமானம் மந்தம். கடைகளில் மாற்றமில்லை.
முதியோர் இல்லத்தில் மட்டும் ஆள் எடுக்கிறார்கள்.
கத்தி பிடித்த நெல்சன் ஒயார்சோ
அங்கே கிழவர்களுக்குச் சவரம் செய்கிறார்,
பழைய சம்பளத்தில் பாதிக்கு.
"கை நடுங்காதுன்னு எடுத்துக்கிட்டாங்க."
துறை மாற்றம், குறியீடு எட்டு.

பதினான்காவது வீடு பூட்டியிருந்தது.
ஜன்னலில் அட்டை:
புன்டா அரேனாஸ் போகிறோம்,
நாய்க்கு ரமீரோ சோறு வைப்பார்.
ஆளில்லா வீடு என்று குறிக்கும்போது
ஆலைச் சங்கு ஊதியது.

தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.
நாய் மட்டும் எழுந்து
கேட்டருகே போய் நின்றது.