நான்காம் காற்பகுதி, டுலூத்

இங்க்ரிட் சோல்பெர்க்: முப்பத்தொரு புள்ளி.
தாளை நிருபரிடம் நீட்டுகிறேன்.
ஜன்னலுக்கு அப்பால் ஏரி உறைந்து கிடக்கிறது.

ரெனாட்டா கோவாக் பெயருக்கு நேரே
இரண்டு, பூஜ்யம், பூஜ்யம்,
நான்கு ஃபவுல்.

இங்க்ரிட்டைத் துரத்தி வந்தவள்
ரெனாட்டாவின் தோளில் முட்டி நின்றுபோனாள்,
ஒன்பது தடவை.
எண்ணி வைத்திருக்கிறேன்.
எழுதத்தான் கட்டமில்லை.

கடைசிப் பந்து காற்றில் இருந்தபோது
எல்லோரும் கூடையை அண்ணாந்து பார்த்தோம்.
அவள் மட்டும் திரும்பி
நம் பக்கத்தைக் காக்க ஓடிக்கொண்டிருந்தாள்.
விழும் என்ற தைரியமா,
விழாவிட்டால் என்ற யோசனையா,
கேட்கவில்லை.

நிருபர் கார் சாவியைத் தேடுகிறார்.
உடைமாற்றும் அறை வாசலில்
முப்பத்தொரு புள்ளி குனிந்து நின்று
ஐஸ் பையை அழுத்திப் பிடித்திருக்கிறது
அந்தத் தோளில்.